களிமண் படம் பாதியில் நிற்கிறது. பார்க்க ஆளில்லாதபோது முடிப்பது எப்படி?

ஊசிநூல் (பாலக்கோடு)

வணக்கம். பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை சாத்திய பிறகு பின்னறையில் களிமண் பொம்மைகளை வைத்து ஸ்டாப் மோஷன் படம் ஒன்று எடுத்து வருகிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பொம்மையின் கையைக் கொஞ்சம் நகர்த்தி கைபேசியில் ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி அடுத்த படம். எல்லாவற்றையும் கோத்து ஓட்டினால் பொம்மை தானாகக் கையைத் தூக்குவதுபோல் இருக்கும். நான் நொடிக்கு 12 படம் எடுக்கிறேன். மொத்தம் எட்டு நிமிடம், அதாவது 5,760 படங்கள். ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. மீதி 2,160 படங்கள் இருக்கின்றன. அந்த இடத்தில்தான் மாதக்கணக்காக நிற்கிறேன்.

கதை நடுகல் கதை, அதாவது இறந்த வீரனுக்காக நட்டு வைத்த கல்லின் கதை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் கற்களைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. ஆனால் படத்துக்கு எடுத்துக்கொண்டது பக்கத்து மாவட்டத்துக் கல். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருப்பது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளுக்காக இறந்திருக்கிறான். அவனோடு ஒரு நாயும் அந்தக் கல்லில் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, காத்து நின்றது என்று பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு நாய் ஒன்றின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது! இதைப் படித்த இரவே முதல் பொம்மையைப் பிடித்துவிட்டேன். முதலில் செய்தது நாயைத்தான்.

முடிந்ததை ஒவ்வொரு நிமிடத் துண்டாக யூடியூபில் போட்டு வந்தேன். முதல் துண்டை சொந்தக்காரர்கள், கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஐந்தாவது துண்டை இருபது பேர் பார்த்திருந்தால் அதிகம். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் "இதை யாரும்மா பார்க்கப் போறாங்க" என்ற கேள்வி வாரம் ஒரு முறையாவது வருகிறது. இப்போது அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். அடுத்து எடுக்க வேண்டியது சண்டைக் காட்சி. ராத்திரி, எருமைக் கூட்டம், வில், கள்ளர்கள், நாய், எல்லாம் ஒரே சமயத்தில் அசைய வேண்டும். மேசை முன்னால் உட்கார்ந்தால் கை போக மாட்டேன் என்கிறது.

பார்வையாளர்களைக் கூட்டும் வழியை நான் கேட்கவில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரிதாக யாரும் பார்க்கப் போவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஒரு வேலையை முடித்தவர்கள் இங்கே இருந்தால், எப்படி முடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஊத்தங்கரை வடக்கு

அக்கா, முதல் வேலையாகத் துண்டு துண்டாகப் போடுவதை நிறுத்துங்கள். ரவிக்கையின் ஒரு கையை மட்டும் தைத்து வாடிக்கையாளரிடம் காட்டி "எப்படி இருக்கிறது" என்று கேட்பீர்களா? ஐந்தாவது நிமிடத்தை மட்டும் பார்க்கிறவருக்கு நாய் யாருடையது, எருமை யாருடையது என்றே புரியாது. அதை அவர் இன்னொருவருக்கு அனுப்பவும் முடியாது. அந்த இருபது என்ற எண் உங்கள் படத்துக்கு வந்த மதிப்பெண் கிடையாது. உங்கள் படத்தை முழுசாக இதுவரை ஒருத்தரும் பார்க்கவில்லை, ஏனென்றால் முழுப் படம் இன்னும் இல்லை.

இன்னொன்று. துண்டைப் போட்ட அன்றைக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எத்தனை தடவை எடுத்துப் பார்க்கிறோம்! அந்த நேரத்தில் பத்துப் படமாவது எடுத்திருக்கலாம். சேனலை மூட வேண்டாம். கைபேசியிலிருந்து அந்தச் செயலியை மட்டும் எடுத்துவிட்டு ஒரு மாதம் வேலை செய்து பாருங்கள்.

இரண்டாம் ஷிஃப்ட் (ஓசூர்)

நீங்கள் கேட்ட மாதிரி முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கைபேசியில் ஆடும் பல்லாங்குழி விளையாட்டு ஒன்றை எழுதி முடித்தேன். கூட்டம் வரவில்லை. முடிக்கும்போதும் வரவில்லை, முடித்த பிறகும் வரவில்லை. முடித்தால் தானாக ஆள் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் எதற்கு முடித்தேன்? ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில் ஆடும் விதி கொஞ்சம் வேறு. குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம், அது பல ஊர்களிலும் உண்டு. ஆனால் எதிராளி காய் போட்டு உங்கள் குழியில் பசு சேர்ந்தால் ஆட்டத்தை நிறுத்தி எடுப்பதா, அவர் கை முடியும் வரை காத்திருப்பதா என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. கடைகளில் கிடைக்கும் விளையாட்டுகளில் எங்கள் வீட்டு விதி எதிலும் இல்லை. அந்த ஒரு விதி எங்காவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்னைத் தவிர அதை எழுதப் போகிறவர் யாரும் இல்லை என்றும் தெரிந்தது. அந்தப் பிடிவாதம்தான் கடைசி வரை இழுத்து வந்தது. முடித்ததில் கண்கூடாகக் கிடைத்த லாபம் ஒன்று உண்டு: அடுத்து ஆடு புலி ஆட்டம் எழுத ஆரம்பித்தபோது, யார் முறை, எப்போது ஆட்டம் முடிகிறது என்ற பகுதியெல்லாம் தயாராக இருந்தது. பாதியில் விட்டிருந்தால் அது கிடைத்திருக்காது. விளையாட்டு எழுதுவதில் எல்லாச் சிக்கலும் கடைசிப் பகுதியில்தான் வரும்.

வேலை முடிந்து வந்து செய்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே வழி இதுதான். எழுந்திருக்கும் முன்னால் அடுத்த அசைவைத் தாளில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள். "நாய் தலை இடப்பக்கம், பத்துப் படம்." அவ்வளவு போதும். மறுநாள் களைத்துப் போய் வரும்போது யோசிக்க வேண்டியதில்லை, கை அதைச் செய்துவிடும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் நான் எதையும் தொடுவதில்லை. அதைத் தோல்வியாகவும் எடுத்துக்கொள்வதில்லை.

ஊசிநூல் (பாலக்கோடு)

இரண்டு பேருக்கும் நன்றி. செயலியை எடுத்துவிட்டேன். தாளில் எழுதி வைப்பதை இன்றிரவே ஆரம்பிக்கிறேன். ஆனால் சண்டைக் காட்சியைத் தாளில் எழுதப் போனால் ஒரு வரியில் அடங்கவில்லை. ஆறு உருவங்கள் ஒரே சமயத்தில் நகர்கின்றன. ஒன்று சாய்ந்தால் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

அரூர் மேற்கு

வேறு மாதிரி ஒரு கருத்து. கோபிக்க வேண்டாம்.

பொழுதுபோக்கு கடன் கிடையாது. யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் எடுத்தீர்கள், எடுத்த ஒவ்வொரு இரவும் சந்தோஷமாக இருந்தது. அது போதாதா? எடுத்த எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கடையில் நாளெல்லாம் கெடு வைத்துத் தைக்கிறீர்கள். ராத்திரியிலும் ஒரு கெடுவைச் சுமப்பானேன்?

விடுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். இதுவரை எடுத்த ஐந்து நிமிடத்தையும் ஒட்டவைத்து, நடுவில் நிறுத்தாமல், தனியாக உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் "அடுத்து என்ன" என்று உங்களுக்கே தவிப்பு வந்தால் தொடருங்கள். வராவிட்டால் நிம்மதியாக மூடி வையுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

ஊத்தங்கரை வடக்கு

அரூர்க்காரர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அக்கா இப்படி மாதக்கணக்காக இதையே நினைத்துக்கொண்டு கேட்கிறார் என்றாலே விட மனசில்லை என்றுதானே அர்த்தம்? விட முடிந்தவர்கள் கேட்காமலே விட்டுவிடுவார்கள்.

தகடூர் ஆசிரியர்

தருமபுரியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நடுகற்களைப் பார்க்கப் போவது எனக்கு இளவயதிலிருந்தே பழக்கம். அம்மா, உங்கள் படத்தைப் பற்றிப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: சண்டைக் காட்சி எதற்கு?

நீங்கள் பார்த்த கற்களை நினைத்துப் பாருங்கள். வீரன் ஒரு கையில் வில், மறு கையில் வாள் என்று நிற்பான். சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கும். காலடியில் கெண்டியும் (மூக்கு வைத்த செம்பு) சிமிழும் இருக்கும். ஆநிரைக்காக, அதாவது மாட்டு மந்தைக்காக இறந்தவனின் கல்லாக இருந்தால் மாடுகள் சின்னதாகத் தெரியும். எழுத்தைப் படித்தால் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த ஊர் மாடு, அதற்காக இறந்தான் என்று வரும். அவ்வளவுதான். எப்படிச் சண்டை போட்டான், யார் முதலில் வெட்டினார்கள் என்று கல்லில் எழுதுவது கிடையாது. நடுகல் வெட்டியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. உங்கள் எடுத்தனூர்க் கல்லும் நாய் பாய்ந்ததை வர்ணிக்கவில்லை. கடித்து, காத்து நின்றது என்று முடித்துவிடுகிறது.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், உங்கள் கை நிற்பதற்குப் பார்வையாளர்கள் மட்டும் காரணமில்லை. கதையோடு ஒட்டாத ஒரு காட்சியை எடுக்கச் சொல்லி உங்களை நீங்களே கட்டாயப்படுத்துகிறீர்கள். ராத்திரி எருமைகளை ஓட்டிப் போகட்டும். அப்புறம் நேராக விடியற்காலைக்கு வாருங்கள். மேய்ச்சல் நிலம். எருமைகள் திரும்பி வந்து நிற்கின்றன. நாய் உட்கார்ந்திருக்கிறது. என்ன நடந்தது என்று பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

பார்க்க ஆளில்லை என்ற கவலைக்கும் ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் எத்தனையோ நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அதில் இருக்கும் வட்டெழுத்தை, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்தை, படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார். ஆனாலும் எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, பொங்கல் வைத்துக் காப்பாற்றி வந்தார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை ஊர் ஊராகத் தேடிப் படித்து 1972ல் செங்கம் நடுகற்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான், அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்பது வெளியே பரவலாகத் தெரிந்தது. ஆகவே எத்தனை பேர் என்று எண்ணாமல், எந்த நான்கு பேருக்கு இது வேண்டும் என்று யோசியுங்கள். அகழ்வைப்பகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கல்லின் முன்னால் ஒரு நிமிடம் நிற்பார்கள், ஒன்றும் புரியாமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் எல்லாக் கல்லிலும் நாயைத் தேடுவார்கள்.

காவேரிப்பட்டணம் மத்தளம்

ஆசிரியர் ஐயா சொன்னது அருமை. நான் கூத்துக் குடும்பம். அப்பா மத்தளம் வாசிப்பவர், நானும் கற்றுக்கொண்டேன். மாம்பழ சீசனில் கூழ் ஆலையில் வேலை, திருவிழாக் காலத்தில் கூத்து.

அக்காவுக்குக் களிமண்ணோடு பழக்கம் இருப்பதால் படுகளத்தைப் பற்றிச் சொல்கிறேன். பாரதக் கூத்து நடக்கும் ஊரில் கடைசி நாள் காலையில் துரியோதனனை மண்ணில் செய்வார்கள். தரையில் மல்லாந்து படுத்திருப்பான், ஆளைப்போலப் பல மடங்கு நீளம். ஏரி மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்து, முதலில் நெஞ்சையும் தொடையையும் மேடாகக் கட்டுவார்கள். முகம் கடைசியில்தான். மீசைக்குக் கரி, கண்ணுக்குச் சுண்ணாம்பு. தொடைக்குள் சிவப்புத் தண்ணீரை மறைத்து வைப்பார்கள். பீமன் வேஷக்காரர் அடித்ததும் அது வெளியே வரும், பாஞ்சாலி கூந்தலை முடிவாள். உச்சிவேளைக்குள் எல்லாம் கலைந்துவிடும். ஜனங்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போவார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மண் வேலை செய்கிறவரிடம் இன்றைக்கு மனசு வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. படுகளம் என்றைக்கு என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. அன்றைக்கு விடிவதற்குள் மூக்கு வைத்தாக வேண்டும். கூத்தும் அப்படித்தான். விடியற்காலை மூன்று மணிக்குப் பந்தலில் முக்கால்வாசிப் பேர் பாயில் தூங்குவார்கள். கூத்து வாத்தியார் ஒரு பாட்டைக்கூடக் குறைக்க மாட்டார். முன்னால் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் யாராலும் விடியும் வரை ஆட முடியாது. விடிந்ததும் அடுத்த கட்டம் ஆட வேண்டும் என்று தெரியும், அதனால் ஆடுகிறார்கள்.

அதனால் ஒரு தேதி குறியுங்கள். மனசுக்குள் குறித்தால் அது தள்ளிக்கொண்டே போகும். இன்னொருத்தரிடம் வாய் விட்டுச் சொல்லி, அவர் அதற்கு ஏற்பாடு செய்கிற மாதிரி குறியுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் பேசுங்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் போதும்.

அரூர் மேற்கு

தேதி என்றால் மறுபடி கெடுதானே! தையல் கடையில் இருக்கிற தொல்லை போதாதா என்பது என் கேள்வி.

காவேரிப்பட்டணம் மத்தளம்

அண்ணா, அந்தக் கெடு வாடிக்கையாளருடையது. இது அக்கா தானே போய்க் கேட்டு வாங்குவது. எனக்கு ஆலை வேலையில் இருக்கும் களைப்பு ராத்திரி முழுக்க மத்தளம் அடித்தால் வருவதில்லை. இரண்டும் உடம்பு வேலைதான். எதனால் என்று எனக்கு விளக்கத் தெரியாது, ஆனால் வித்தியாசம் இருக்கிறது.

சூளகிரி வெளிச்சம்

ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், தொழில்நுட்பம் மட்டும் சொல்கிறேன். உங்கள் சேனலைத் தேடிப் பார்த்தேன். மூன்றாவது துண்டில் வெளிச்சம் துடிக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மேகம் போனால், வெயில் நகர்ந்தால், ஒவ்வொரு படத்திலும் அளவு மாறும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு இரண்டு எல்.இ.டி. பல்பு போதும். கைபேசியில் வெளிச்ச அளவையும் நிற அளவையும் பூட்டி வையுங்கள். தானியங்கியில் விட்டால் உங்கள் கை நிழல் பட்டதும் அது தானே அளவை மாற்றிக்கொள்ளும். படம் எடுக்கும்போது கைபேசியைத் தொடாதீர்கள், ஹெட்ஃபோன் பொத்தானை அழுத்தியே எடுக்கலாம்.

பொம்மைக்குள் என்ன கம்பி வைத்திருக்கிறீர்கள்? கட்டுக் கம்பியாக இருந்தால் மடக்கி மடக்கி ஒரே இடத்தில் முறிந்துவிடும், விட்ட இடத்தில் நிற்காமல் திரும்பவும் எழும்பும். அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டால் ரொம்ப நாள் உழைக்கும், வைத்த இடத்தில் நிற்கும். உருவம் சாய்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். காலடியில் ஒரு திருகாணி வைத்து மேசைக்குக் கீழிருந்து முடுக்கிவிட்டால் மீதியும் தீரும்.

ஊசிநூல் (பாலக்கோடு)

எல்லாருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அரூர்க்காரர் சொன்ன சோதனையை முதலில் செய்தேன். ஐந்து நிமிடத்தையும் ஒட்டவைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். இத்தனை நாளும் துண்டு துண்டாகப் பார்த்ததில் தெரியாத ஒன்று தெரிந்தது. இரண்டாவது நிமிடத்தில் கோவிவன் ஓர் எருமையின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து, அந்தப் பக்கம் வந்து, எருமையை நிமிர்ந்து பார்க்கும். அந்த இடத்தை எடுக்க எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. எருமையின் காலில் நாயின் வால் பட்டுவிடாமல் ஊசி நுனியால் நகர்த்தினேன். அதற்குப் பிறகு நான்காவது நிமிடத்திலிருந்து நாய்க்கு வேலையே கொடுக்கவில்லை. வீரனையும் கள்ளர்களையும் காட்டிக்கொண்டே போயிருக்கிறேன். நாய் எங்கே போனது என்று எனக்கே தவிப்பாக இருந்தது. ஆகவே விடப் போவதில்லை. இந்தப் படம் கோவிவனுடையது, அவனைப் பாதியில் விட மாட்டேன்.

ஆசிரியர் ஐயா, நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சண்டை வேண்டாம். புதிதாகக் கணக்குப் போட்டேன். ராத்திரி எருமைகளை ஓட்டிப் போவது 40 நொடி, விடியற்காலையும் நாயும் 30 நொடி, கல் நடுவது 20 நொடி. மொத்தம் 1,080 படங்கள். முன்பு போட்ட கணக்கில் சரிபாதி. படம் ஆறரை நிமிடத்தில் முடியும். குறைந்துபோனது என்று எனக்குத் தோன்றவில்லை. நாய் உட்கார்ந்திருக்கும் காட்சியில் மூச்சு மட்டும் அசைந்தால் போதும். விலாப்பக்கம் ஆறு நிலை செய்து, அதையே சுற்றிச் சுற்றி ஓட்டலாம். காது மட்டும் ஒரு முறை திரும்ப வேண்டும்.

கம்பி விஷயம் உண்மைதான், கட்டுக் கம்பிதான் வைத்திருக்கிறேன். மாற்றிவிடுகிறேன். இன்னொரு சந்தேகம்: ஏரி மண் இந்த வெயிலுக்கு அரை மணியில் வெடித்துவிடுகிறது. வீரனுக்கும் நாய்க்கும் எண்ணெய்க் களிமண் வாங்கினேன், எருமைகளுக்கு வாங்கக் கட்டுப்படியாகாது.

சூளகிரி வெளிச்சம்

எருமை கறுப்புத்தானே? உடம்பை ஏரி மண்ணில் செய்து நன்றாகக் காயவிட்டு, வெடிப்பை மண் குழம்பால் அடைத்து, கறுப்பு பூசி அப்படியே வைத்துவிடுங்கள். அசைவது கழுத்தும் காலும் வாலும்தான். அதை மட்டும் எண்ணெய்க் களிமண்ணில் வையுங்கள். எண்ணெய்க் களிமண் காயாது, செலவும் குறையும். ராத்திரிக் காட்சி என்பதால் ஒட்டு தெரியாது.

ஊத்தங்கரை வடக்கு

அக்கா, அந்த 1,080ஐ நாள் கணக்காகப் பிரிக்காதீர்கள். சீருடை சீசன் வந்தால் ஒரு வாரம் போய்விடும், கணக்குப் பின்தங்கும், மறுபடி மனசு விடும். காட்சியாகப் பிரியுங்கள். "எருமைக் கூட்டம் வேலியைத் தாண்டுகிறது" என்பது ஒன்று. அது முடிந்தால் முடிந்தது, எத்தனை நாள் ஆனாலும் சரி.

இரண்டாம் ஷிஃப்ட் (ஓசூர்)

இதை நானும் சொல்லலாம் என்று இருந்தேன். கூடவே ஒன்று: கடைசிக் காட்சியை முதலில் எடுத்துவிடுங்கள். வரிசையாகத்தான் எடுக்க வேண்டும் என்று இல்லையே. நாயும் விடியற்காலையும் உங்கள் மனசில் தெளிவாக இருக்கிறது, கையும் போகும். அது கையில் இருந்தால் நடுவில் உள்ளதை இட்டு நிரப்பினால் போதும். முடிவு இருக்கிற ஒன்றை விடுவது கஷ்டம்.

அரூர் மேற்கு

தவிப்பு வந்துவிட்டது அல்லவா, அப்படியானால் தொடருங்கள். நான் கேட்டதே அதற்குத்தான். ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நாளைக்கு இதே இடத்தில் வேறொருவர் வந்து கேட்டு, அவருக்குத் தவிப்பு வரவில்லை என்றால், விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஊசிநூல் (பாலக்கோடு)

கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன். ஓசூர்த் தம்பி சொன்னபடி கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். நாய்க் காட்சி முடிந்துவிட்டது. காது திரும்பும் இடம் மட்டும் இரண்டு ராத்திரி எடுத்தது. முதலில் எட்டுப் படத்தில் திருப்பினேன், பட்டென்று திரும்பியது. இருபது படமாக்கி, நடுவில் நான்கு படம் அசையாமல் நிறுத்தினேன். இப்போது தூரத்தில் ஏதோ சத்தம் கேட்டு யோசித்துத் திரும்புவதுபோல் இருக்கிறது. கல் நடும் காட்சியும் பாதி ஆகிவிட்டது. கல்லில் எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்ற வேண்டும். ஊசியால் கீறிக் கீறி எடுக்கிறேன்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் போய்ப் பேசினேன். ஏழாம் வகுப்பு டீச்சர், பொங்கல் விடுமுறை முடிந்து வரும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைத் தருகிறேன் என்றார். பதிவேட்டிலும் எழுதிவிட்டார். வெளியே வந்தபோது கை நடுங்கியது. ஆனால் அன்றைக்கு ராத்திரி மேசையில் உட்கார்ந்தபோது யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி வரவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் எருமை வேலியைத் தாண்ட வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

இப்போது இரண்டு உதவி வேண்டும். ஐயா, அந்தக் கல்வெட்டு வரியை வட்டெழுத்தில் எப்படி எழுதுவது என்று காட்ட முடியுமா? இணையத்தில் கிடைக்கும் படத்தில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. மத்தளத் தம்பி, படத்தில் பேச்சே கிடையாது. எருமைகள் ஓடும் 40 நொடிக்கு மத்தளம் மட்டும் போதும் என்று தோன்றுகிறது. வாசித்துத் தருவீர்களா?

தகடூர் ஆசிரியர்

எழுதித் தருகிறேன் அம்மா. முழு வரியும் 20 நொடிக்குள் அடங்காது. நாயின் பெயரும், காத்து நின்றது என்ற பகுதியும் போதும். ஒவ்வொரு எழுத்தையும் எந்தப் பக்கத்திலிருந்து இழுக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுத் தருகிறேன். நீங்கள் கீறிக் காட்டப் போவதால் அது முக்கியம். பெரிய தாளில் எழுதித் தபாலில் அனுப்புகிறேன், முகவரியைத் தனியாக அனுப்புங்கள்.

காவேரிப்பட்டணம் மத்தளம்

கேட்கணுமா அக்கா! அப்பாவிடம் சொன்னேன், அவரே வாசிக்கிறேன் என்கிறார். ஆநிரை ஓடுவதற்கு எந்த நடை என்று இப்போதே தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூடவே முகவீணைக்காரர் ஒருவர் இருக்கிறார் (முகவீணை என்பது நாதஸ்வரம் மாதிரி ஊதும் சின்ன வாத்தியம்). விடியற்காலைக் காட்சிக்கு அவர் ஓர் இழுப்பு இழுத்தால் நன்றாக இருக்கும். படத்தை முதலில் அனுப்பிவிடுங்கள், பார்த்துக்கொண்டே வாசித்தால்தான் அடி சரியாக விழும். வர ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பைக்கில் வந்துவிடுகிறோம். ஒலிப்பதிவு எங்கே வைத்துக்கொள்வது?

ஊசிநூல் (பாலக்கோடு)

கடையின் பின்னறையில்தான். ஞாயிறு கடை லீவு, தெருவும் அமைதியாக இருக்கும். மூன்று பேர் உட்கார இடம் வேண்டும் என்பதால் துணிக் கட்டுகளையெல்லாம் முன்பக்கம் மாற்றிவிடுகிறேன். அப்பாவுக்குத் தரையில் உட்கார முடியுமா, நாற்காலி போடட்டுமா?

சூளகிரி வெளிச்சம்

துணிக் கட்டுகளை மாற்றாதீர்கள்! சுவர் ஓரமாகவே அடுக்கி வையுங்கள், எதிரொலி அடங்கும். ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள். கைபேசியை மத்தளத்துக்கு நேராக வைக்காமல் இரண்டடி தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள், அடி உடைந்து கேட்காது. முதலில் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள், பிறகு ஒட்டும்போது தேவைப்படும்.

காவேரிப்பட்டணம் மத்தளம்

அப்பா தரையில்தான் உட்காருவார். ஒரு பாய் போதும்.